ஓட்டக்காரியும் குடும்பக்காரியும்

மாமியார்: ...அடுப்பு இல்லாத படகு ஒரு படகா? இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன்.

மருமகள்: அத்தை, நாளைக்குக் காலைல ஏழு மணிக்குப் போட்டி. நாங்க யாருக்கும் விருந்து வைக்கப் போகல.

மாமியார்: ரெண்டு பகல், ரெண்டு ராத்திரி. அஞ்சு பேரு. கலங்கரை விளக்கைச் சுத்திட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் என்ன சாப்பிடுவீங்க? உப்புக் காத்தையா?

மருமகள்: பிஸ்கட்.

மாமியார்: பிஸ்கட்டாம்.

மருமகள்: போன வருஷம் ஒரு ஃபிளாஸ்க் எடுத்துக்கிட்டுப் போறேன்னு சொன்னதுக்கு, "ஏன், கூடவே ரெண்டு சோபாவும் எடுத்துக்கோயேன்"னு சொன்னது யாரு?

மாமியார்: யாரு?

மருமகள்: சரியா ஞாபகம் இல்ல. உங்களை மாதிரியே ஒருத்தங்க. இதே நாற்காலி. இதே முறைப்பு.

மாமியார்: போன வருஷம் எனக்குப் புத்தி கம்மி.

மருமகள்: ஒரு நிமிஷம். ஃபோன்ல பதிவு பண்ணிக்கிறேன். இன்னொரு தடவை சொல்லுங்க. உங்க பையனுக்கு அனுப்பணும்.

மாமியார்: பண்ணு, பண்ணு. நல்லா கிண்டல் பண்ணு. அந்த அடுப்பு ஒம்பது கிலோதான்டி.

மருமகள்: ஒம்பது கிலோதானா! எடை குறையணும்னு எங்க அஞ்சு பேரு பல் துலக்குற பிரஷ்ஷையும் பாதியா அறுத்தவங்க நீங்க.

மாமியார்: அது... ஏதோ சின்ன வயசு.

மருமகள்: ரெண்டு வருஷம் முன்னாடி, அத்தை. அப்ப உங்களுக்கு அறுபத்தொண்ணு.

மாமியார்: சரி விடு. அடுப்பு வேணாம். கட்டில்?

மருமகள்: என்னது?

மாமியார்: நாலு கட்டில். கீழ பட்டறையில ரெடியா சாத்தி வெச்சிருக்கு. மேஸ்திரிகிட்ட சொன்னா மதியத்துக்குள்ள மாட்டிடுவாரு.

மருமகள்: அடுப்பு, கட்டில்... அப்புறம் கழிப்பறைக்குக் கதவா?

மாமியார்: கதவு இருந்தா என்ன குத்தம்? ஆம்பளைங்க மூணு பேரு வர்றானுங்க.

மருமகள்: அத்தை! நான் ஓட்டப் போறது ஓட்டக்காரி. நீங்க சொல்றதெல்லாம் குடும்பக்காரி.

மாமியார்: ரெண்டும் நான் வரைஞ்சதுதானே? ரெண்டும் ஒரே அச்சுல வார்த்த உடம்புதானே?

மருமகள்: உடம்பு ஒண்ணுதான். குணம்? பட்டறைக்கு வர்றவங்ககிட்ட நீங்க அடிக்கிற வசனத்தை நானே சொல்லட்டுமா? "ஓட்டக்காரிக்கு உயரமான பாய்மரம். படகு கவிழாம இருக்க அடியில ஆழமாத் தொங்குற கீல். கீல் நுனியில ஈயக் குண்டு. உள்ளே வெறுங்கூடு. ஜெயிக்கப் பொறந்தவ. குடும்பக்காரிக்குப் பாய்மரம் ஆறடி கம்மி, கீல் குட்டை, நாலு கட்டில், ஒரு அடுப்பு, கதவு வெச்ச கழிப்பறை. பொண்டாட்டி பேச்சைக் கேக்குறவனுக்கு."

மாமியார்: நல்லாத்தான் ஒப்பிக்கிறே.

மருமகள்: உங்க பையனைக் கட்டிக்கிட்டு ஆறு வருஷமா கேக்குறேனே. கடைசியில ஒரு வரி விட்டுட்டேன். "குடும்பக்காரி படகு இல்ல, மிதக்குற வாடகை வீடு."

மாமியார்: அந்த வாடகை வீடு இருபத்து மூணு போயிருக்கு. உன் ஓட்டக்காரி நாலே நாலு பேருக்குத்தான் போயிருக்கா, நம்மளோட சேர்த்தா அஞ்சு. ஊருக்கு யாரு வேணும்னு தெரியுதா?

மருமகள்: நாளைக்குப் போட்டியை வெச்சுக்கிட்டு இன்னிக்கா தெரிஞ்சுது?

மாமியார்: ஞானம் எப்ப வேணாலும் வரும். எனக்குக் கொஞ்சம் லேட்டு.

மருமகள்: வந்த ஞானம் இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருக்கலாம்.

மாமியார்: பாய்மரமாவது சின்னதைப் போட்டுக்கோ.

மருமகள்: எதுக்கு?

மாமியார்: நாளைக்குக் காத்து பலமா இருக்குமாம்.

மருமகள்: பாய்மரப் போட்டிக்குக் காத்து வேணும் அத்தை. காத்து இல்லேன்னா அது போட்டி இல்ல, தபஸ்.

மாமியார்: எதுக்கெடுத்தாலும் ஒரு பதில். உங்க வீட்டுல இதை மட்டும் நல்லா சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காங்க.

மருமகள்: இல்லையே. அங்க நான் ஊமை. இங்க வந்துதான் கத்துக்கிட்டேன். குரு இந்த நாற்காலியிலதான் இருக்காங்க.

மாமியார்: நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் பையனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

மருமகள்: ஆகா. இப்ப பையன் வந்துட்டாரா? அந்தப் பல் டாக்டர், வாளித் தண்ணி ஆடினாலே தலை சுத்துதுன்னு உட்காருவாரு. "உன் புருஷன் கரையில நின்னு கை ஆட்டத்தான் லாயக்கு"ன்னு கல்யாணத்தன்னிக்கே சொன்னவங்க நீங்க.

மாமியார்: அவன் கை ஆட்டுறான். நீ திரும்பி வந்து பதிலுக்குக் கை ஆட்டணும்ல?

மருமகள்: ...என்ன அத்தை, குரல் ஒரு மாதிரி இறங்குது?

மாமியார்: தொண்டை கட்டியிருக்கு.

மருமகள்: கண்ணும் கட்டியிருக்கா? செவசெவன்னு இருக்கு.

மாமியார்: புதுக் கண்ணாடி. பழகல.

மருமகள்: அடுப்பு, கட்டில், கதவு, சின்னப் பாய்மரம், கண்ணுல தண்ணி... அத்தை, ஒண்ணு கேக்குறேன். நான் முழுகாம இருக்கேன்னு யாராவது உங்க காதுல போட்டாங்களா?

மாமியார்: இருக்கியா?

மருமகள்: இல்ல.

மாமியார்: நிச்சயமா?

மருமகள்: நிச்சயமா.

மாமியார்: இருக்கேன்னு சொல்லிடேன்.

மருமகள்: என்னது?

மாமியார்: போட்டி நடத்துறவங்ககிட்ட. உடம்பு அப்படி இருக்குன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. மரியாதையா விலகிடலாம். பத்து மாசம் கழிச்சு யாரு வந்து தொட்டிலை எட்டிப் பாக்கப் போறா?

மருமகள்: எங்க அம்மா பாப்பாங்க! சங்கிலி வாங்கிக்கிட்டு வந்து நிப்பாங்க!

மாமியார்: அதை அப்புறம் சமாளிச்சுக்கலாம்.

மருமகள்: இருபத்தெட்டு வருஷமா இந்த மேஜையில உட்கார்ந்து படகு வரையுறீங்க. ஒரு போட்டியில இருந்தாவது யாரையாவது விலகச் சொல்லியிருக்கீங்களா? போன தடவை எனக்கு நூத்தி ரெண்டு காய்ச்சல். "கடல் காத்து பட்டா சரியாயிடும்"னு ஏத்தி விட்டீங்க.

மாமியார்: சரியாச்சா இல்லையா?

மருமகள்: ஆச்சு. அது வேற விஷயம். கீழ வாங்க அத்தை. வந்து உங்க ஓட்டக்காரியை ஒரு தடவை பாருங்க. ரெண்டு நாளா பட்டறைப் பக்கமே கால் வைக்கல நீங்க.

மாமியார்: முட்டி வலி.

மருமகள்: நேத்து மொட்டை மாடிக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினீங்க?

மாமியார்: துணி காயப் போட்டேன்.

மருமகள்: நேத்து மழை.

மாமியார்: ...அதனாலதான் காயல. எத்தனை தடவைதான் ஏறிப் பாக்குறது?

மருமகள்: அடேங்கப்பா.

மாமியார்: என்னைக் கேக்குறியே, நீ மட்டும் என்ன யோக்கியம்? படகுக்கு அடியில கீலைச் சுத்தித் தார்ப்பாய் கட்டி வெச்சிருக்கியாமே. என்ன மூடுமந்திரம்?

மருமகள்: போட்டிக்கு முன்னாடி எல்லாரும் கட்டுறதுதான். கீலை எதிராளி பார்த்துடக் கூடாது.

மாமியார்: நம்ம பட்டறையில ஏதுடி எதிராளி? மேஸ்திரியா?

மருமகள்: மாமியாரா கூட இருக்கலாம்.

மாமியார்: அந்தக் கீலை வரைஞ்சதே நான்தான். எனக்கே மறைக்கிறியா?

மருமகள்: உங்களுக்கு மறைக்க முடியுமா அத்தை? உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு?

மாமியார்: இதுல ஏதோ குத்தல் இருக்கே.

மருமகள்: இருந்தா வலிக்கும். வலிக்குதா?

மேஸ்திரி: அம்மா... தங்கச்சி... ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. இல்ல, நல்லதாப் போகல. நான் அப்புறமா வரேன்.

மருமகள்: நில்லுங்க மேஸ்திரி. நாலு மணிக்குப் படகைத் தண்ணியில இறக்கணும். ஞாபகம் இருக்குல்ல?

மேஸ்திரி: அதைச் சொல்லத்தான் வந்தேன். கிரேன் ரிப்பேரு.

மருமகள்: காலைல ஓடுச்சே?

மேஸ்திரி: காலைல ஓடுச்சு. இப்ப ஓடல. மெஷினும் மனுஷன் மாதிரிதானே தங்கச்சி? எப்ப படுக்கும்னு யாருக்குத் தெரியும்?

மருமகள்: என்ன ரிப்பேரு?

மேஸ்திரி: அது வந்து... அம்மா, என்ன ரிப்பேருன்னு சொல்லச் சொன்னீங்க?

மாமியார்: மேஸ்திரி!

மருமகள்: ஓஹோ.

மாமியார்: அவருக்கு வெயில்ல தலை சுத்துது. ஏதோ உளறுறாரு.

மேஸ்திரி: ஆமா தங்கச்சி. வெயிலு. சாவி இல்லாம கிரேனை எப்படி ஓட்டுறதுன்னே தெரியல எனக்கு.

மருமகள்: சாவி எங்கே?

மேஸ்திரி: அம்மா இடுப்புல.

மாமியார்: உங்களை எல்லாம் வேலைக்கு வெச்சிருக்கேன் பாருங்க... முழுப் பூசணிக்காயை ஒளிச்சு வைன்னு குடுத்தா, அதை நடுத்தெருவுல போட்டு உடைக்கிற ஆளு.

மேஸ்திரி: எனக்குப் பொய் வராதுன்னு நான் முதல்லயே சொன்னேன்மா. தங்கச்சிகிட்டயும் அதையேதான் சொன்னேன்...

மருமகள்: மேஸ்திரி, நீங்க கீழ போங்க.

மாமியார்: இருங்க. அவகிட்ட என்னத்தைச் சொன்னீங்க?

மேஸ்திரி: ஒண்ணுமில்லம்மா. தங்கச்சி, நீங்க கேட்ட மாதிரி சின்னப் பாய்மரத்துக்குக் கம்பி எல்லாம் அறுத்தாச்சு. முன்பக்கக் கம்பிதான் ரெண்டு விரற்கடை...

மருமகள்: மேஸ்திரி!

மாமியார்: எந்தச் சின்னப் பாய்மரம்?

மேஸ்திரி: சின்னப்... அது... பெரிய பாய்மரத்தைத்தான் செல்லமா சின்னதுன்னு சொல்லுவோம்.

மாமியார்: ஐம்பது அடிப் பாய்மரத்துக்குச் செல்லப் பேரு?

மருமகள்: இல்ல அத்தை, அது இருபத்து நாலாவது குடும்பக்காரிக்கு.

மாமியார்: அவளுக்கு இன்னும் உடம்பே வார்க்கல.

மேஸ்திரி: முன்னாடியே செஞ்சு வெச்சா நல்லதுதானேம்மா? நாங்க கூட முதல்ல பொண்ணுக்கு நகை வாங்கினோம், அப்புறம்தான் மாப்பிள்ளை பார்த்தோம்.

மாமியார்: என் மூஞ்சியைப் பார்த்து இதைச் சொல்லுங்க.

மேஸ்திரி: மூஞ்சியைப் பார்த்தா வராதும்மா. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்குறது இதுதான் போல. இந்தப் பக்கம் ஒரு சத்தியம், அந்தப் பக்கம் ஒரு சத்தியம். நான் டீ குடிச்சிட்டு வரேன். வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் உட்கார்ந்து, ஏதாவது ஒரே பொய்யாப் பேசி வெச்சுக்கோங்க. எனக்கு மனப்பாடம் பண்ண வசதியா இருக்கும்.

மருமகள்: ...போயிட்டாரு.

மாமியார்: கதவைச் சாத்து.

மருமகள்: சாத்தியாச்சு. சாவி எதுக்கு உங்க இடுப்புல இருக்கு?

மாமியார்: சின்னப் பாய்மரம் எதுக்கு உனக்கு?

மருமகள்: நான் முதல்ல கேட்டேன்.

மாமியார்: நான் வயசுல பெரியவ.

மருமகள்: அதனாலதான் முதல்ல நீங்க. பெரியவங்க வழி காட்டணும்.

மாமியார்: ...சாவி பத்திரமா இருக்கட்டும்னு வெச்சேன்.

மருமகள்: அத்தை. போதும். எனக்குத் தெரிஞ்ச உங்களுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. புயல் எச்சரிக்கை வந்தப்ப ஜன்னல்ல நின்னு, "இந்தக் காத்துல என் படகு எப்படிப் பறக்கும் தெரியுமா"ன்னு ஏங்கினவங்க நீங்க. இன்னிக்கு ஒரு மணி நேரமா உட்கார்ந்துக்கிட்டு அடுப்பு, கட்டில்னு பேசுறீங்க. படகைத் தண்ணியில இறக்க விடாம கிரேன் சாவியை ஒளிச்சு வெக்கிறீங்க. எதுக்குப் பயப்படுறீங்க?

மாமியார்: பயமா? எனக்கா?

மருமகள்: உங்களுக்குத்தான்.

மாமியார்: ...நீ உட்காரு.

மருமகள்: நிக்கிறேன்.

மாமியார்: உட்காருடி. நீ நின்னா எனக்கு வாய் வராது.

மருமகள்: உட்கார்ந்தாச்சு.

மாமியார்: வாளி தெரியும்ல?

மருமகள்: தெரியும். உங்க பையனுக்குத் தலை சுத்துமே.

மாமியார்: விளையாடாதே. தண்ணி நிறைஞ்ச வாளியைக் கையை மடக்கித் தூக்கினா ஒண்ணும் தெரியாது. அதே வாளியைக் கையை நீட்டித் தூக்கினா?

மருமகள்: தோள்பட்டை பிச்சுக்கும்.

மாமியார்: கீலும் அப்படித்தான். குடும்பக்காரி கையை மடக்கிக்கிட்டுக் குண்டைத் தூக்குறா. ஓட்டக்காரி நீட்டித் தூக்குறா. படகு சாயுற ஒவ்வொரு தடவையும் மொத்த பாரமும் எங்க விழும்?

மருமகள்: தோள்ல. கீல் வந்து உடம்புல சேர்ற இடத்துல.

மாமியார்: அந்த இடம் ஓட்டக்காரிக்கு ரெண்டு மடங்கு கனமா இருக்கணும்.

மருமகள்: இருக்கணும்... அப்புறம்?

மாமியார்: குடும்பக்காரியோட கணக்குத் தாளை எடுத்து வெச்சுக்கிட்டுத்தான் ஓட்டக்காரியை வரைஞ்சேன். உடம்பு ஒண்ணுதானே, எதுக்குப் புதுசா எழுதணும்னு. கீலை ரெண்டடி இறக்கினேன். குண்டோட எடையை மாத்தினேன். பாய்மரத்தை ஆறடி ஏத்தினேன். பதினேழு வரி மாத்தினேன். பதினெட்டாவது வரி... அந்தத் தோளோட கனம்... அது மட்டும் குடும்பக்காரியோடதாவே நின்னுடுச்சு.

மருமகள்: எப்ப பார்த்தீங்க?

மாமியார்: முந்தாநேத்துதான் பார்த்தேன். புதுக் கண்ணாடி வந்துச்சுல்ல, பழைய தாளை எல்லாம் ஒழுங்கு பண்ணலாம்னு உட்கார்ந்தேன். ரெண்டு தாளும் பக்கத்துல பக்கத்துல கிடந்துச்சு. ரெண்டுலயும் ஒரே எண்ணு. முதல்ல கண்ணாடிதான் சரியில்லைன்னு நினைச்சேன். கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பார்த்தேன்... சொல்லேன் ஏதாவது. எப்பவும் வாய் நாலு முழம் இருக்குமே உனக்கு.

மருமகள்: தெரியும் அத்தை.

மாமியார்: என்ன தெரியும்?

மருமகள்: பதினெட்டாவது வரி.

மாமியார்: ...எப்படி?

மருமகள்: ஞாயித்துக்கிழமை பயிற்சி முடிச்சு வந்து படகுக்குள்ள தண்ணி துடைச்சேன். துடைக்கத் துடைக்கத் தண்ணி வந்துச்சு. தடவிப் பார்த்தா கீல் சேர்ற இடத்துல நகம் மாட்டுற அளவுக்கு ஒரு கீறல்.

மாமியார்: கீறலா! ஞாயித்துக்கிழமையேவா? அதுக்கு மேல அதை ஓட்டினியா?

மருமகள்: ஓட்டல. கத்தாதீங்க. போன மாசம் நான் மணல் திட்டுல ஒரு தட்டு தட்டினேன்ல... உங்ககிட்ட சொல்லல.

மாமியார்: சொல்லலயா?

மருமகள்: சொன்னா விடுவீங்களா? மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம். என் தப்புலதான் கீறல் விழுந்துச்சுன்னு நினைச்சு, வாயை மூடிக்கிட்டு மேஸ்திரி கால்ல விழுந்தேன். செவ்வாக்கிழமை நீங்க கண் டாக்டர்கிட்ட போனீங்கல்ல? அன்னிக்கே கீலைக் கழட்டியாச்சு.

மாமியார்: கழட்டியாச்சா? அப்போ தார்ப்பாய்க்குள்ள என்ன இருக்கு?

மருமகள்: குட்டைக் கீல். ஒரே அச்சு, ஒரே போல்ட்டு ஓட்டை, அப்படியே உட்கார்ந்துக்கிச்சு. கீறலை அடைச்சு, உள்ளே நாலு அடுக்கு ஃபைபர் ஒட்டியிருக்கு. அந்தக் கீலுக்குப் பெரிய பாய்மரம் ஆகாது, அதனாலதான் சின்னது. போட்டிக்குப் படகோட பேரையும் குடும்பக்காரின்னு மாத்திக் குடுத்துட்டேன். நாளைக்கு நான் ஓட்டப் போறது மிதக்குற வாடகை வீடு.

மாமியார்: அடிப்பாவி! அப்போ ஒரு மணி நேரமா பிஸ்கட்டு, காத்துன்னு என்கூட மல்லுக்கு நின்னது?

மருமகள்: இன்னிக்குக் காலைல மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னாரு. "மணல் திட்டுல தட்டினா முன்னாடிதான் அடிபடும் தங்கச்சி, இது நடுவுல இருக்கே"ன்னு. மேல வந்து உங்க அலமாரியைத் திறந்து ரெண்டு தாளையும் எடுத்துப் பார்த்தேன். பார்த்துட்டுக் கீழ போய், எழுத வேண்டியதை எழுதிக்கிட்டுத் திரும்பி வந்தா நீங்க உட்கார்ந்து அடுப்பு போடுன்னு ஆரம்பிக்கிறீங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு, உங்களுக்கும் தெரியும்னு. சரி, நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். திறந்தீங்க. உள்ளே இருந்து கட்டில்தான் வந்துச்சு.

மாமியார்: எனக்கு... யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்லுவாங்கல்ல...

மருமகள்: யானை சறுக்கினா யானைக்கு மட்டும் அடி இல்ல அத்தை. மேல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும்தான். நான் உங்க மருமக. என்னைக் காப்பாத்த இந்தக் கிரேன் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டீங்க. மத்த நாலு ஓட்டக்காரியும் நாலு துறைமுகத்துல நிக்குது. அங்க எல்லாம் சாவியை யாரு ஒளிச்சு வெப்பா?

மாமியார்: இரு, நான் சொல்றதைக்...

மருமகள்: இல்ல, நான் முடிச்சுக்கிறேன். உங்க பேரு கெட்டுப் போகும். தெரியும். "அந்தம்மா கணக்குத் தப்பு போட்டாங்க"ன்னு ஊர் முழுக்கப் பேசும். பேசட்டும். கடிதம் எழுதிக் கொண்டாந்திருக்கேன், இந்தாங்க. நாலு பேருக்கும் ஒரே கடிதம். படகைக் கடல்ல இறக்காதீங்க, இறக்கியிருந்தா உடனே கரையேத்துங்கன்னு. கீழ உங்க கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கேன். நீங்க போடலேன்னா நான் போட்டு அனுப்புவேன். நீங்க என்னை வீட்டை விட்டே துரத்தினாலும் சரி.

மாமியார்: பேசி முடிச்சாச்சா?

மருமகள்: முடிச்சாச்சு.

மாமியார்: கடிதம் நல்லா எழுதியிருக்கே. ரெண்டாவது வரியில ஒரு எழுத்துப் பிழை.

மருமகள்: அத்தை!

மாமியார்: கடிதம் வேணாம்டி. கடிதம் போய்ச் சேர ரெண்டு நாள் ஆகும். நேத்தே மொட்டை மாடிக்குப் போய் நாலு பேருக்கும் ஃபோன் பண்ணிட்டேன்.

மருமகள்: ...நேத்தா?

மாமியார்: முதல் ஆளு என்னைத் திட்டினாரு. வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினாரு. கேட்டுக்கிட்டேன். ரெண்டாவது ஆளு, கரையேத்துறேன்னு சொல்லிப் பட்டுன்னு ஃபோனை வெச்சுட்டாரு. மூணாவது ஒரு பொண்ணு. "உங்களுக்கு என்னம்மா வயசு?"ன்னு கேட்டா. அது திட்டை விட மோசமா இருந்துச்சு. மூணு படகும் நேத்து சாயங்காலமே கரையேறிடுச்சு.

மருமகள்: நாலாவது?

மாமியார்: அவரு கடல்ல இருந்தாரு. பொண்டாட்டி, தம்பி, எல்லாரையும் ஏத்திக்கிட்டுக் கிளம்பி ரெண்டு நாள் ஆகியிருந்துச்சு. துறைமுக ஆபீஸைப் பிடிச்சு, ரேடியோவுல கூப்பிடச் சொல்லி, பாயை எல்லாம் இறக்கிட்டு இன்ஜின்லயே மெதுவா வாங்கன்னு சொல்லச் சொன்னேன். இன்னிக்குக் காலைல ஆறு மணிக்குத்தான் வந்து சேர்ந்தாங்க. அதுவரைக்கும் நான் உட்காரல.

மருமகள்: ...அத்தை, இவ்வளவும் பண்ணியிருக்கீங்க. முன்ன பின்ன தெரியாத நாலு பேருகிட்ட "என் கணக்கு தப்பு"ன்னு சொல்லித் திட்டு வாங்கியிருக்கீங்க. ஒரே வீட்டுல இருக்கேன், எங்கிட்ட மட்டும் ஏன் அடுப்பு, கட்டில்னு சுத்தினீங்க? அதே வார்த்தையை எங்கிட்டயும் சொல்லியிருக்கலாம்ல?

மாமியார்: ரெண்டு வருஷம் முன்னாடி, இந்த மேஜை முன்னாடி நின்னுக்கிட்டு, "ஏன் அத்தை, இந்த இடம் ரெண்டு படகுக்கும் ஒரே கனமா இருக்கே"ன்னு நீ கேட்டே... பட்டறை ஆளுங்க அத்தனை பேரு முன்னாடியும், "ஓட்டுறவ ஓட்டு, கணக்கு போட நான் இருக்கேன்"னு உன் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொன்னேன். அந்த நாலு பேரு யாரும் என்னைக் கேள்வி கேட்டதில்லடி, அதனால அவங்ககிட்ட சொல்ல முடிஞ்சுது.